யார் கல், யார் நிலம்?

(ஸ்ரீபெரும்புதூரில் மாணவர்களும் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உள்ளூர் வரலாறு பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கவிதை எழுதுகிற ஆள் என்பதால் கூப்பிட்டிருக்கலாம். நான் இன்றைக்கு வங்கி எழுத்தனாகத்தான் பேசப்போகிறேன். பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, இதையெல்லாம் தினமும் புரட்டுகிறவன் நான். சாலையோரத்தில் ஒரு கல் நிற்கிறது என்றால் அதையும் ஒரு பத்திரமாகத்தான் என்னால் படிக்க முடிகிறது. யார் பேரில் இருக்கிறது, யார் எழுதிக் கொடுத்தது, யாருடைய பேர் விடுபட்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரும் சாலை உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப்பேர் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிற சாலை. இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு கல்லாக, ஒவ்வொரு பலகையாகப் படித்துப் பார்ப்போம்.

ரொம்பப் பழைய கல் எது? ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருக்கிற கல்வட்டங்களும் ஈமக்குழிகளும். இரண்டாயிரம் வருசத்துக்கும் முந்திய பெருங்கற்காலப் புதைகுழிகள். அங்கங்கே தொல்லியல் துறையின் நீலப்பலகை நிற்கும். 1958ஆம் வருசச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம், சேதப்படுத்தினால் தண்டனை என்று போட்டிருக்கும். 2010இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி இன்னும் கடுமையாக்கினார்கள். சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும். சேதப்படுத்தினால் இரண்டு வருசம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். நல்ல சட்டம், நான் குறை சொல்லவில்லை. பேர் தெரியாத செத்தவர்களுக்கு 100 மீட்டர் பாதுகாப்பு. பக்கத்துச் சேரியில் போன வருசம் செத்தவனுக்குச் சுடுகாட்டுப் பாதை உண்டா என்று கேட்டால் எந்தப் பலகையும் பதில் சொல்லாது.

அடுத்தது ராமானுஜர். 1017இல் இங்கே பிறந்தார் என்பது மரபு. ஆயிரமாவது ஆண்டை 2017இல் கொண்டாடினார்கள். 2022இல் ஐதராபாத் பக்கம் அவருக்கு 216 அடியில் சிலை வைத்து 'சமத்துவச் சிலை' என்று பேர் வைத்தார்கள். மேல்கோட்டைக் கோயிலுக்குள் தீண்டப்படாத மக்களை வருசத்தில் சில நாட்கள் அனுமதித்தார், 'திருக்குலத்தார்' என்று பேர் கொடுத்தார் என்ற கதையை எல்லாரும் சொல்வார்கள். இருக்கட்டும். அந்தச் சில நாட்கள் வருசம் முழுக்க ஆவதற்கு எத்தனை காலம் ஆயிற்று? சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் முழுசாக வந்தது 1947இல். நடுவில் தொள்ளாயிரம் வருசம். சமத்துவத்துக்குச் சிலை வைத்தவர்கள் இந்தத் தொள்ளாயிரம் வருசத்துக்கு எங்கேயாவது ஒரு சின்னக் கல்லாவது வைத்தார்களா?

இங்கிருந்து காஞ்சிபுரம் போகிற பக்கம் உள்ளே போனால் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10ஆம் தேதி ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைத் துவம்சம் செய்த இடம். மறுவருசம் 1781இல் அதே வட்டாரத்தில் இன்னொரு சண்டை. அதில் செத்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இரண்டு தூபிகள் நிற்கின்றன. ஜெயித்த திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் அரண்மனைச் சுவரில் இந்தச் சண்டையைப் பெரிய ஓவியமாகத் தீட்டி வைத்தான். ஜெயித்தவனுக்குச் சுவர், தோற்றவனுக்குத் தூண். பெய்லியின் படை நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் மிகப் பெரும்பாலோர் நம்ம நாட்டுச் சிப்பாய்கள். அந்தக் காலத்துச் சென்னைப் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். அதே 1780இல்தான் மண்வெட்டியும் கடப்பாரையும் தூக்குகிற பயோனீர் கம்பெனிகளை உண்டாக்கினார்கள். அதுதான் பிற்பாடு மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆயிற்று. புள்ளலூர் வயலில் செத்தவன், பீரங்கி இழுத்தவன், பிணம் தூக்கியவன், இவர்களில் ஒருத்தன் பேர்கூட அந்தத் தூபிகளில் இல்லை.

கோரேகானை நினைத்துப் பாருங்கள். 1818 ஜனவரி 1இல் நடந்த சண்டைக்கு அதே ஆங்கிலேயர்கள்தான் தூண் வைத்தார்கள். நம்மைப் பெருமைப்படுத்த வைத்ததல்ல, அவர்கள் வெற்றிக்கு வைத்தது. ஆனால் செத்த சிப்பாய்களின் பேரையும் அதில் செதுக்கினார்கள். மொத்தம் 49 பேர், அதில் 22 மகர்கள். 1927 ஜனவரி 1 அன்று பாபாசாகேப் அந்தத் தூண் முன்னால் போய் நின்றார். அன்றைக்கு வெள்ளைக்காரன் தூண் நம்ம தூண் ஆயிற்று. 2018இல் இருநூறாவது வருசத்துக்குக் கூடிய மக்கள்மேல் கல்லெறிந்து தாக்கினார்கள். இருநூறு வருசத்துக் கல் இன்னும் ஒருத்தனுக்குக் கோபம் மூட்டுது என்றால் அதில் பேர் இருப்பதால்தான். பேரில்லாத புள்ளலூர்த் தூபியைப் பார்த்து எவனுக்கும் கோபம் வராது.

அடுத்து நெடுஞ்சாலை ஓரத்து நினைவிடம். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடம். ஏழு தூண்கள். நாட்டுக்கு அர்ப்பணித்தவர் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். தேதி 2003 அக்டோபர் 10. ஒரு பிரதமராக இருந்தவர் கொல்லப்பட்ட இடத்துக்கு நினைவிடம் வேண்டும்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் அந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 10க்குத் திரும்ப வருவேன்.

கடைசியாக நம்ம காலத்துக் கல்வெட்டு, கம்பெனிப் பலகை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் ஓட்டிக் காட்டியது. நோக்கியா 2006இல் வந்தது, 2014இல் மூடியது. ஒரகடத்தில் ரெனோ நிசான் 2010இல் வந்தது. சிப்காட் பச்சைப் பலகையில் அம்புக்குறி போட்டு எல்லாக் கம்பெனி பேரும் இருக்கிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விசமாகி, ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் ராத்திரியில் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் போட்ட பந்தலைப் போலீஸ் பிரித்துப் போட்டது. கம்பெனிப் பலகை ஆணி அடித்து நிற்கும். தொழிலாளி போட்ட பந்தல் ஒரு மாசம்கூட நிற்கக் கூடாது.

*

இனி, பலகை இல்லாத விசயங்களுக்கு வருகிறேன். மூன்றே மூன்று.

முதலாவது 1892. அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு எல்லாம் ஒரே செங்கல்பட்டு ஜில்லா. கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் இந்த ஜில்லாவின் பறையர்கள் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதாரர் முறை எப்படி வேலை செய்தது என்று அதில் தெரியும். தரிசு நிலத்துக்குப் பறையர் ஒருத்தர் தர்க்காஸ்து கொடுத்தால், 'எனக்குத்தான் முன்னுரிமை' என்று மிராசுதாரர் குறுக்கே வருவார். குடிசை போட்ட மனைகூட மிராசுதாரர் கையில். எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய். கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவன் பிள்ளைக்குட்டியோடு பண்ணையாள். நிலம் கொடு, குடியிருக்கிற மனையைச் சொந்தமாக்கு, பள்ளிக்கூடம் திற என்று கலெக்டர் எழுதினார். 1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010 எண்ணுள்ள வருவாய்த்துறை ஆணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் பிறப்பு இதுதான். பத்து வருசத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது, தானம் கொடுக்கக்கூடாது, குத்தகைக்கு விடக்கூடாது. அதற்கப்புறம் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம். மீறினால் அரசாங்கம் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுக்க இப்படிக் கொடுத்தது 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. இந்தியா முழுக்கப் பேசப்படுகிற இந்த நில உரிமைக்கு விதை விழுந்தது நம்ம ஜில்லாவில். அதைச் சொல்கிற ஒரு பலகை இந்தச் சாலையில் இல்லை.

இரண்டாவது 1924. நாம் நடக்கிறோமே, இந்தச் சாலையைப் பற்றியது. இதே ஜில்லாவின் கோழியாளத்தில் 1859இல் பிறந்தவர் தாத்தா ரெட்டமலை சீனிவாசன். 1924இல் சென்னைச் சட்டசபையில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, குளம், கிணறு, பொது இடம் எதையும் எந்தச் சாதியாரும் பயன்படுத்தலாம், தடுக்கக்கூடாது. தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. நூறு வருசம் ஓடிவிட்டது. சாலையில் எவ்வளவோ எழுதி வைத்திருக்கிறான். 'இந்தச் சாலையில் எல்லாரும் நடக்கலாம் என்றது 1924' என்று மட்டும் எழுதவில்லை. எழுதினால், அதற்கு முன்னால் யார் நடக்க முடியாது, யார் தடுத்தது என்று பிள்ளைகள் கேட்கும்.

மூன்றாவது 1994. மாமல்லபுரம் பக்கம் காரணை கிராமம். அப்போது ஸ்ரீபெரும்புதூரும் காரணையும் ஒரே மாவட்டம். 2019இல்தான் இரண்டையும் வெவ்வேறு மாவட்டமாகப் பிரித்தார்கள். காரணையில் 600 ஏக்கருக்கு மேல் பஞ்சமி நிலம் கைமாறிப் போயிருந்தது. அதை மீட்கப் போராடிய சனங்கள் என்ன செய்தார்கள்? நிலத்தில் அம்பேத்கர் சிலையை நட்டார்கள். ஆமாம், நட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சிலையை அப்புறப்படுத்தினார்கள். அதைக் கண்டித்தும் நிலத்தைக் கேட்டும் செங்கல்பட்டில் மக்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்துப் போனார்கள். தேதி 1994 அக்டோபர் 10.

ஒன்பது வருசம் கழித்து அதே தேதியில் அதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் நெடுஞ்சாலை ஓரத்தில் ஏழு தூண்கள் திறந்து வைக்கப்பட்டன. யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. அந்தத் தேதி யாருக்கும் உறுத்தவில்லை என்றுதான் சொல்கிறேன்.

*

இப்போது வங்கி மேசைக்கு வருகிறேன்.

நிலத்தின்மேல் ஒருத்தர் கடன் கேட்டு வந்தால் நாங்கள் பெரும்பாலும் 30 வருசத்து வில்லங்கச் சான்று கேட்போம். தாய்ப்பத்திரம் கேட்போம். வக்கீல் பார்த்துக் கருத்து எழுதித் தருவார். 30 வருசத்துக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தால் நிலம் சுத்தம். 1892இலும் அதற்கப்புறமும் நிபந்தனையோடு கொடுத்த நிலத்துக்கு அந்த 30 வருசச் சல்லடையில் என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. 1960இலோ 70இலோ பத்து மூட்டை நெல்லுக்கோ, ஒரு கல்யாணச் செலவுக்கோ கைமாறியிருக்கும். இன்றைக்கு நாலாவது கை, ஐந்தாவது கையில் சுத்தமான பத்திரமாக என் மேசைக்கு வரும். 1979இல் தொடங்கி 80களில் நடந்த யு.டி.ஆர். நிலப்பதிவு வேலையில், பழைய 'அ' பதிவேட்டில் 'டி.சி. நிலம்' என்று இருந்த குறிப்புகள் பல ஊர்களில் புதுப் பதிவேட்டுக்கு வரவே இல்லை என்பது நம்ம இயக்கங்கள் விடாமல் சொல்லிவரும் குற்றச்சாட்டு. துப்பாக்கி வேண்டாம், கத்தி வேண்டாம். ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கும்போது இரண்டு எழுத்தை விட்டுவிட்டால் போதும், ஒரு சேரியின் நிலம் போய்விடும்.

அப்புறம் தொழிற்சாலை வருகிறது. தொழிலுக்காக நிலம் எடுக்க 1997இல் தமிழ்நாடு தனிச்சட்டமே போட்டது. இழப்பீடு யாருக்குப் போகும்? பட்டாவில் பேர் இருக்கிறவனுக்கு. மூணு தலைமுறையாகப் புறம்போக்கில் பயிர் வைத்தவனுக்குப் பட்டா இல்லை. பஞ்சமி நிலம் வேறொருத்தன் பட்டாவில் ஏறியிருந்தால் காசும் அவனுக்குத்தான். ஊரில் மாடி வீடு எழும்புகிறது. சேரியிலிருந்து காண்ட்ராக்ட் ஆளாக அதே நிலத்துக்குள் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நுழைகிறோம். "ஊரும் சேரியும் இப்போ ஒரே கம்பெனி பஸ்லதான போகுது, சாதி எங்க இருக்குது?" என்று கேட்கிற தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான். பஸ் ஒண்ணுதான். நிலத்துக்கு வந்த காசு யார் வீட்டுக்குப் போச்சுன்னு கேளுங்க, சாதி எங்க இருக்குன்னு தெரியும்.

இன்னொரு கேள்வி நம்ம தோழர்களே கேட்பது. "நிலத்தைக் கேளுங்க, கல்லை ஏன் கேக்குறீங்க? சிலை வைக்கிறதும் மாலை போடுறதும் எதுக்கு ஆவும்?" நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் எத்தனை அம்பேத்கர் சிலைகள் இரும்புக்கூண்டுக்குள் நிற்கின்றன என்று பார்த்திருக்கிறீர்கள். கல்லை வைத்துவிட்டு அதையே கும்பிட்டுக்கொண்டு நின்றால் அது இன்னொரு கோயில்தான். நானும் அதற்கு எதிரி.

ஆனால் காரணையைப் பாருங்கள். சிலை வெறும் கல்லாக இருந்தால் அதை ஏன் அவ்வளவு அவசரமாக எடுக்க வேண்டும்? எடுத்தவனுக்குத் தெரியும், அது நிலத்துக்கு அடித்த முளை என்று. இந்த நாட்டில் கல் என்பது எப்போதுமே நிலத்தின் மேல் பேசுகிற பேச்சு. சர்வே கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தும் கிடையாது, சிற்பமும் கிடையாது, முழங்கால் உயரம்கூட இருக்காது. அதைப் பிடுங்கி நகர்த்தினால் 1923ஆம் வருசச் சர்வே சட்டப்படி குற்றம். ராத்திரியோடு ராத்திரியாக எல்லைக்கல்லை நாலடி தள்ளி நட்ட கதை எந்த ஊரில் இல்லை? கல்லின் அருமை ஆதிக்கசாதிக்கு நன்றாகவே தெரியும். நமக்குத்தான், "கல்லு எதுக்கு, மனசுல இருந்தா போதாதா?" என்று உபதேசம் நடக்கிறது. மனசில் இருப்பதை எந்தத் தாசில்தாரும் பதிவேட்டில் ஏற்ற மாட்டார்.

கல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1999 ஜூலை 23இல் திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போன 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். நினைவுச்சின்னம் கேட்டுக் கேட்டு, வருசாவருசம் ஆற்றுத் தண்ணியில்தான் பூவைப் போடுகிறோம். பூ ஓடிப் போய்விடுகிறது. மேலவளவில் 1997இல் வெட்டப்பட்ட முருகேசனுக்கும் அவரோடு செத்தவர்களுக்கும் இயக்கம் நினைவிடம் எழுப்பியது. அங்கே வருகிற எந்தப் பிள்ளையும் 'பஞ்சாயத்துத் தலைவரை எதுக்கு வெட்டினாங்க?' என்று கேட்காமல் திரும்ப முடியாது. கல்லின் வேலை அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பது.

ஆகவே என் யோசனை இதுதான். தொல்காப்பியம் கல் நடுவதை ஆறு கட்டமாகச் சொல்கிறது. கல்லைத் தேடுவதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடிகிறது. நடுவது நாலாவதாகத்தான் வருகிறது. நாம் நேராக நடுவதற்கும் வாழ்த்துவதற்கும் போய்விடுகிறோம். முதல் வேலை தேடுவது.

இங்கே இருக்கிற மாணவர்கள் ஆளுக்கு ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து கையில் இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் யு.டி.ஆருக்கு முந்திய 'அ' பதிவேட்டு நகல் கேளுங்கள், இப்போதையதும் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தச் சர்வே எண்ணில் 'டி.சி.' இருந்தது, எதில் காணாமல் போனது என்று எழுதுங்கள். பழைய அரசாணைகளும் வருவாய் வாரிய நடவடிக்கைகளும் எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அப்புறம் ஊரில் மூத்த அம்மாக்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த மேட்டுக்கு என்ன பேர், எந்த வழி சுடுகாட்டு வழி, எந்தக் கிணற்றில் எப்போது தண்ணி மொள்ள விட்டார்கள் என்று கேளுங்கள். பதிவேட்டில் விடுபட்டது அவர்கள் வாயில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் நட வேண்டும் நம்ம கல்லை. சிலை வேண்டாம், மண்டபம் வேண்டாம். சர்வே எண், ஏக்கர், யாருக்கு எந்த வருசம் கொடுத்தது, எப்போது கைமாறியது. நாலே வரி. தகராறு இருக்கிற இடத்தில் சேரி முனையிலேயே வையுங்கள், நிலம் அங்கிருந்து தெரியும்.

அவசரம் ஏன் என்றால், நிலம் எடுப்பது முடிந்துபோன கதை இல்லை. பரந்தூர் விமான நிலையம் என்று 2022இல் அறிவித்தார்கள். ஏகனாபுரம் சனங்கள் கிராமசபையில் தீர்மானத்துக்குமேல் தீர்மானம் போட்டார்கள். நாளைக்கு எந்த ஊருக்கு நோட்டீஸ் வரும் என்று யாருக்கும் தெரியாது. நோட்டீஸ் வந்த பிறகு பதிவேடு தேடினால் கிடைக்காது. ஒரு நிலத்தின் மேல் கம்பெனிச் சுவர் எழும்பிவிட்டால் அதன் பழைய சர்வே எண்ணைத் தெரிந்தவர்கள் பத்து வருசத்தில் செத்துப்போவார்கள். நோக்கியா எட்டு வருசம் இருந்துவிட்டுப் போனது. நிலம் திரும்பி வரவில்லை, வேறு கம்பெனிக்குப் போனது. கம்பெனி வரும், போகும். நிலம் போனால் போனதுதான்.

வருகிற அக்டோபர் 10க்குச் செங்கல்பட்டுக்கு வருகிறவர்கள் வெறும் மாலையோடு வராதீர்கள். ஆளுக்கு ஒரு கிராமத்துப் பதிவேட்டு நகலோடு வாருங்கள். ஜான் தாமஸுக்கும் ஏழுமலைக்கும் அதுதான் படையல்.

ஜெய்பீம்.